மாதம் தவறாத பெயர்

1920இல் பாரதி ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். தம் எழுத்து முழுவதையும் 40 புத்தகங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதி அச்சிட்டு, தமிழ்நாடு முழுக்கப் பரப்புவது அவர் எண்ணம். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் விலைபோவதைப் போலத் தம் புத்தகங்கள் விலைபோகும் என்று உறுதியாக நம்பினார். முதல் போட அன்பர்கள் கடன் கொடுத்தால் வட்டியோடு திருப்பித் தருவதாக எழுதினார். பணம் வந்து சேரவில்லை. அடுத்த ஆண்டு செப்டம்பரில் திருவல்லிக்கேணியில் அவர் உயிர் பிரிந்தது.

நான்கு ஆண்டுகள் கழிந்தன. அதே திருவல்லிக்கேணியில், பள்ளிக்கூடம் போகாத, பேனா பிடித்துச் சரளமாக எழுதிப் பழகாத 23 வயதுப் பெண் ஒருவர், நின்றுபோயிருந்த மாதப் பத்திரிகை ஒன்றை எடுத்து நடத்தத் தொடங்கினார். பத்திரிகையின் பெயர் ஜகன்மோகினி. அந்தப் பெண் வை.மு. கோதைநாயகி அம்மாள். அடுத்த முப்பது, முப்பத்தைந்து ஆண்டுகளில் அவர் 115 நாவல்கள் எழுதினார். ‘நாவல் ராணி’, ‘கதாமோகினி’ என்றெல்லாம் பட்டம் கொடுத்து ஊர் கொண்டாடியது. வை.மு.கோ. என்ற மூன்றெழுத்து அட்டையில் இருந்தால் போதும், புத்தகம் விற்றுவிடும் என்ற நிலை வந்தது.

எழுத்தின் தரத்தில் இருவரையும் ஒரு தட்டில் வைக்க யாரும் நினைக்க மாட்டார்கள். என் கேள்வி வேறு. பாரதிக்கு அதற்குள் பெயர் இருந்தது. நாடறிந்த கவிஞர், பத்திரிகையாளர், அரசாங்கமே அஞ்சிய ஆள். கோதைநாயகிக்குத் தம் தெருவைத் தாண்டி அறிமுகம் கிடையாது. முன்னவரின் திட்டம் காகிதத்தோடு நின்றதற்கும் பின்னவருடையது நிலைத்ததற்கும் இடையில் என்ன இருக்கிறது? தனி ஆள் ஒருவர் ஒன்றுமில்லாத இடத்திலிருந்து தம் பெயரை எப்படிக் கட்டுகிறார் என்பதைத் தமிழில் ஆராய இதைவிட நல்ல ஜோடி எனக்குத் தெரியவில்லை.

இந்தப் பொருள் இன்று பெரிய சரக்காகிவிட்டது. 1997 ஆகஸ்டில் டாம் பீட்டர்ஸ் என்ற நிர்வாக எழுத்தாளர் அமெரிக்காவின் ‘ஃபாஸ்ட் கம்பெனி’ இதழில், ஒவ்வொருவரும் தம்மை ஒரு பிராண்டாகப் பாவித்து வளர்க்க வேண்டும் என்று எழுதினார். ‘பெர்சனல் பிராண்டிங்’ பயிற்சி வகுப்புகளும் கையேடுகளும் அதன்பின் பெருகின. உங்கள் கதையைச் சொல்லுங்கள், உங்கள் தனித்தன்மையைக் கண்டுபிடியுங்கள், முகத்தைக் காட்டுங்கள் என்று அவை சொல்லிக்கொண்டே போகும். கோதைநாயகியின் வாழ்க்கையைப் படித்தபின் இந்த வரிசையே தலைகீழ் என்று எனக்குத் தோன்றுகிறது. அவருக்கு முதலில் அமைந்தது ஓர் இடம். சொந்தமான, குறித்த தேதியில் திறக்கிற இடம். கதை, முகம், தனித்தன்மை எல்லாம் அங்கே உட்கார்ந்து வேலை செய்தபோது வந்து சேர்ந்தவை.

‘ஒன்றுமில்லாத இடம்’ என்றேன். அதைக் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். 1901 டிசம்பரில் பிறந்த கோதைநாயகிக்கு ஐந்தரை வயதில் திருமணம் நடந்தது. கணவர் பார்த்தசாரதிக்கும் அப்போது பத்து வயது ஆகவில்லை. புகுந்த வீடு வைத்தமாநிதி முடும்பைக் குடும்பம். ‘வை.மு.’ என்ற முன்னெழுத்து அங்கிருந்து வந்தது. கம்பராமாயணத்துக்கு உரை கண்ட வை.மு. கோபாலகிருஷ்ணமாச்சாரியார் பெயரின் தலையில் நிற்பதும் அதே எழுத்துகள்தான். ஆக, அந்த முன்னெழுத்தோடு புலமையின் வாசம் ஏற்கெனவே கலந்திருந்தது. தமிழ் படித்தவர்கள் காதுக்கு அது பழகிய ஒலி. சல்லிக்காசு செலவில்லாமல் கிடைத்த மதிப்பு இது என்பதை மறைக்கக் கூடாது. ஆனால் அந்த மதிப்பு ஆண்களின் உரைநூல் உலகத்துக்குரியது; அடுப்படியில் இருந்த பெண்ணை அது தானாக மேடைக்குக் கொண்டுவந்து நிறுத்தியிருக்காது. அந்த முன்னெழுத்தை நாவலின் அட்டைக்குக் கொண்டுவந்தது கோதைநாயகியின் வேலை.

அவரிடம் இருந்த சொந்த முதல், கதை சொல்லும் வாய். அக்கம்பக்கத்துக் குழந்தைகளைக் கூட்டிவைத்துக் கதை சொல்வார். கணவர் நாடகங்களுக்கு அழைத்துப் போவார். பார்த்துவிட்டு வந்து, நாமே ஒரு நாடகம் எழுதினால் என்ன என்று தோன்றியது. எழுதும் கை பழகவில்லை. பட்டம்மாள் என்ற தோழி பக்கத்தில் உட்கார்ந்தார். கோதைநாயகி சொல்லச் சொல்ல அவர் எழுதினார். 1924இல் ‘இந்திர மோகனா’ நாடகம் புத்தகமாக அச்சேறியது இப்படித்தான். எழுத்து நடை என்று ஒன்று அவருக்குப் பிறந்ததே பேச்சிலிருந்து. ஒருவர் சொல்ல மற்றவர் கேட்டு எழுதும்போது, கேட்பவரின் முகம் உடனே விமர்சனம் செய்துவிடும். எங்கே சுவாரசியம் குறைகிறது, எங்கே அழுகை வருகிறது என்பதை அச்சுக்கு முன்பே அறியக் கிடைத்த வாய்ப்பு அது. பிற்காலத்தில் அவர் நாவல்களை ஒருவர் வாசிக்க வீட்டுப் பெண்கள் சுற்றி அமர்ந்து கேட்க முடிந்ததற்கும் இந்தப் பிறப்பே காரணம் என்று நினைக்கிறேன்.

நாடகத்துக்கு நல்ல வரவேற்பு. அத்தோடு நின்றிருந்தால் ஒரு புத்தகம் போட்ட பெண்மணி என்ற அளவில் முடிந்திருக்கும். அவருக்கு முன்பும் தமிழில் பெண்கள் எழுதியிருக்கிறார்கள். பண்டிதை விசாலாட்சி அம்மாள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நாவல்கள் எழுதி, ஹிதகாரிணி என்ற பத்திரிகையும் நடத்தியவர். முதல் பெண் என்ற பட்டத்துக்காக வை.மு.கோ.வைப் பேச வேண்டிய தேவையே இல்லை.

திருப்பம் ஜகன்மோகினியில் இருக்கிறது. அன்று துப்பறியும் நாவலில் கொடிகட்டிப் பறந்தவர்கள் ஆரணி குப்புசாமி முதலியார், ஜே.ஆர். ரங்கராஜு, வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார் ஆகிய மூவர். அவர்களில் வடுவூரார் பத்திரிகை நடத்திய அனுபவமும் உள்ளவர். நின்றுபோயிருந்த ஜகன்மோகினியை வாங்கி நடத்தும்படி யோசனை சொன்னவர் அவர். 1925இல் பத்திரிகை கை மாறியது. கோதைநாயகியின் முதல் நாவலான ‘வைதேகி’ அதில் தொடராக வந்தது. துப்பறியும் சாயலில் ஆரம்பித்தவர், கொஞ்ச காலத்தில் குடும்பம், வரதட்சணை, விதவையின் துயரம், குடியின் கேடு என்று தம் வழியைப் பிடித்துக்கொண்டார். பிறகு பத்திரிகைக்கும் நாவல்களுக்குமாகச் சொந்த அச்சகமும் வைத்துக்கொண்டார்.

இங்கே ஒரு மாதப் பத்திரிகையின் ஓட்டத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது. மாதம் பிறக்கிறது; இதழ் வந்தாக வேண்டும். சந்தாதாரர் ஒரு வருஷத்துக்குப் பணம் கட்டிவிட்டார். தொடர் போன மாதம் ஓர் இக்கட்டில் நிற்கிறது. மன்னார்குடியிலோ திண்டுக்கல்லிலோ ஒரு வீட்டில் தபால்காரரை எதிர்பார்த்து இருக்கிறார்கள். ஆசிரியருக்கு உடம்பு சரியில்லை, வீட்டில் விசேஷம், மனம் ஓடவில்லை என்பதெல்லாம் அந்த வீட்டுக்குக் காரணமாகாது. அத்தியாயம் எழுதியாக வேண்டும், எழுத்துக் கோக்க வேண்டும், புரூஃப் பார்க்க வேண்டும், மடித்து, விலாசம் ஒட்டி, தபாலில் சேர்க்க வேண்டும். இதழ் போய்ச் சேர்ந்ததும் அடுத்த மாத வேலை தொடங்கிவிடும். தொடர் முடிந்தால் அதே கதை புத்தகமாகும். அந்தப் புத்தகத்தின் விளம்பரம் அடுத்த இதழில் வரும். புத்தகத்தை வாங்கியவர் பத்திரிகைக்குச் சந்தா கட்டுவார். 115 நாவல்கள் என்ற எண்ணிக்கை இந்தச் சுழற்சியில்தான் சாத்தியமானது. புத்தகம் புத்தகமாக எழுதி, ஒவ்வொரு முறையும் பதிப்பாளரின் வாசலில் நின்றிருந்தால் அதில் பத்தில் ஒரு பங்குகூட வந்திருக்காது.

பாரதியிடம் ஒரு காலத்தில் இதே போன்ற இடம் இருந்தது என்பதை நினைக்கும்போது மனம் கனக்கிறது. புதுச்சேரியிலிருந்து வெளிவந்த ‘இந்தியா’ வாரப் பத்திரிகை வாசகரை வாரம் தவறாமல் தேடிப் போயிற்று. பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் அது வரக்கூடாதென்று அரசு வழியை அடைத்தது. 1910இல் பத்திரிகை நின்றது. அதற்குப் பிறகு பத்தாண்டுகள். பெயர் மக்கள் நினைவில் இருந்தது, அந்தப் பெயரைத் தேடிப்போக வாசகருக்கு நிலையான ஒரு விலாசம் இல்லை. 1920இன் சுற்றறிக்கை, 40 புத்தகங்களையும் ஒரேயடியாக அச்சிடப் பெருந்தொகை கேட்டது. ஜகன்மோகினிக்கு வேண்டியிருந்ததோ அடுத்த மாத இதழுக்கான காசு மட்டும். சிறிதாகத் தொடங்கி, வந்த சந்தாவிலேயே அடுத்த அடி வைக்கும் வழி அது. பாரதியின் கனவின் அளவை நான் குறை சொல்லவில்லை. அந்த அளவுக்குத் தமிழ்ச் சமூகம் கை நீட்டாதது நம் வெட்கம். ஆனால் தனி ஆள் தம் பெயரை ஊன்றுவதற்கு, பெரிய முதலைவிடச் சிறிய ஒழுங்கு அதிகம் உதவியிருக்கிறது என்பதை இந்த இரண்டு முயற்சிகளும் பக்கத்தில் பக்கத்தில் நின்று காட்டுகின்றன.

எழுத்து ஒரு பக்கம் இருக்க, பேச்சும் பாட்டும் அவர் பெயரை இன்னும் தூரம் கொண்டுபோயின. நல்ல சங்கீத ஞானம்; கணீரென்ற குரல். 1925இல் சென்னை வந்திருந்த காந்தியைச் சந்தித்தபின் பட்டையும் நகையையும் விட்டுக் கதருக்கு மாறினார். அம்புஜம்மாள், ருக்மிணி லட்சுமிபதி போன்றோரோடு சேர்ந்து காங்கிரஸ் வேலையில் இறங்கினார். மேடைகளில் ராஜாஜியும் சத்தியமூர்த்தியும் விரும்பி அழைக்கிற பேச்சாளர் ஆனார். கதை படித்துப் பெயரை மட்டும் அறிந்திருந்தவர்கள் ஆளை நேரில் கண்டார்கள்; மேடையில் கேட்டவர்கள் பத்திரிகையைத் தேடினார்கள்.

1930களின் தொடக்கத்தில் கள்ளுக்கடை மறியல், அந்நியத் துணி எதிர்ப்பு என்று இறங்கியதற்காகச் சிறைத் தண்டனை கிடைத்தது. வேலூர் சிறை. அங்கேயும் எழுதினார்; ‘உத்தமசீலன்’ சிறையில் உருவான நாவல். உடனிருந்த பெண் கைதிகளின் வாழ்க்கையைக் கேட்டுக் கேட்டுக் கதையாக்கினார். இன்றைய கையேடுகள், உங்கள் கொள்கையை வெளிப்படையாகக் காட்டுங்கள், அது உங்கள்மேல் நம்பிக்கையை வளர்க்கும் என்று சொல்கின்றன. கொள்கையை விளம்பரத்துக்கு உதவும் அலங்காரமாக வைத்துப் பேசும் அந்தத் தொனி எனக்கு உறுத்துகிறது. கோதைநாயகி மறியலுக்குப் போனபோது பத்திரிகை இருந்தது, சந்தாதாரர் இருந்தனர், சிறு மகன் வீட்டில் இருந்தான். அரசாங்கம் நினைத்தால் பத்திரிகையின் கழுத்தை நெரித்திருக்கலாம். பாரதிக்கு அதுதான் நடந்தது. பெயரை வளர்க்க நினைத்தவர் எடுக்கிற முடிவு அது ஆகாது. அந்தப் பெயருக்கு எடை வந்தது, அதை இழக்கவும் அவர் தயாராக இருந்ததால். வாசகர்கள் இதைக் கண்டுகொண்டார்கள். நாவலில் குடியைக் கண்டிக்கிற பெண்ணே கள்ளுக்கடை வாசலிலும் நின்றார் என்பது, எந்த விளம்பரத்தாலும் வாங்க முடியாத உறுதி.

அவர் சிறையில் இருந்த காலத்தில் ஜகன்மோகினி நின்றுவிடவில்லை. கணவர் பார்த்தசாரதி அதைக் கவனித்துக்கொண்டார். இந்த மனிதரைப் பற்றி இன்னும் அதிகம் எழுதப்பட்டிருக்க வேண்டும். மனைவி எழுதவும், பத்திரிகை நடத்தவும், ஆண்கள் நிறைந்த கூட்டத்தில் எழுந்து பேசவும், சிறைக்குப் போகவும் துணை நின்ற வைணவக் குடும்பத்து ஆண்மகன், 1920களிலும் 30களிலும். ஆசாரக்காரர்கள் பேசாமல் இருந்திருப்பார்களா? தொடக்கத்தில் எழுதக் கை கொடுத்த பட்டம்மாளும் அப்படியே. அட்டையில் ஒரு பெயர். அந்தப் பெயரின் அடியில் சொல்வதை எழுதும் கை ஒன்று, கணக்குப் பார்க்கும் கை ஒன்று, எழுத்துக் கோக்கும் கைகள் பல. ‘தன்னந்தனியாக எழுந்து நின்றவர்’ என்று யாரைப் பற்றியாவது படிக்கும்போதெல்லாம் இந்தக் கைகளைத் தேடும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது. தேடிக் கிடைக்காமல் போனதே இல்லை.

இலக்கிய உலகம் அவரிடம் தாராளமாக நடந்துகொள்ளவில்லை. 1933இல் தொடங்கிய மணிக்கொடி இதழின் வழி வந்தவர்களுக்கு, மாதாமாதம் பெருகிய இந்தக் குடும்ப நாவல்கள் இலக்கியமாகத் தெரியவில்லை. அவர்கள் பார்வையில் நியாயம் உண்டு. அவசரத்தில் எழுதிய பக்கங்களில் பாத்திரங்கள் நீளநீளமாக உபதேசம் செய்வார்கள், தற்செயல்கள் வசதியாக வந்து கதையை முடித்துவைக்கும். மாதம் தவறாத ஒழுங்கு எதைக் கொடுத்ததோ, அதன் விலையையும் சேர்த்தே வாங்கிக்கொண்டது. எழுதியதைப் போட்டுவைத்து, ஆறு மாதம் கழித்து எடுத்துத் திருத்தும் அவகாசத்தை அது விழுங்கிவிட்டது. இன்று வாரம் மூன்று காணொளி போட வேண்டிய கட்டாயத்தில் இருக்கும் இளைஞர்கள் இதே விலையைத்தான் கொடுக்கிறார்கள், அவர்களில் பலர் அதை அறியாமலே.

அவர்களுக்கும் கோதைநாயகிக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு 59 செயலிகளைத் தடை செய்தது. டிக்டாக் அவற்றில் ஒன்று. தமிழ்நாட்டின் சிற்றூர்களில், வீட்டு முற்றத்திலும் வயல் வரப்பிலும் நின்று நடித்தும் பாடியும் லட்சக்கணக்கானவர்களைச் சேர்த்திருந்தவர்களின் பார்வையாளர் கூட்டம் ஓரிரு நாளில் காணாமல் போயிற்று. அவர்களைப் பின்தொடர்ந்தவர்களின் பெயரோ விலாசமோ அவர்கள் கையில் இல்லை. 2018 தொடக்கத்தில் யூடியூப், விளம்பர வருமானம் பெற ஓராண்டுக்குள் 4,000 மணி நேரப் பார்வையும் 1,000 சந்தாதாரரும் வேண்டும் என்று விதியை மாற்றியபோதும், சிறிய சேனல்காரர்கள் கேள்வி கேட்க ஓர் ஆள் இல்லாமல் நின்றார்கள். வாடகை வீட்டில் குடியிருப்பவர் சுவருக்கு எவ்வளவு அழகாக வர்ணம் அடித்தாலும் வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னால் கிளம்ப வேண்டியதுதான். ஜகன்மோகினி அலுவலகத்தில் சந்தாதாரர் விலாசங்கள் அடங்கிய பதிவேடு கோதைநாயகியின் கையில் இருந்தது.

அதற்காக அவருக்குக் கட்டுப்பாடே இல்லை என்று சொல்லிவிட முடியாது. இரண்டாம் உலகப் போரில் காகிதம் அரசின் பிடிக்குள் போயிற்று. கிடைத்த அளவில் பத்திரிகை மெலிந்தது. சென்னையில் குண்டு விழும் என்ற பீதியில் பட்டணமே காலியானபோது அவர் குடும்பமும் சிங்கப்பெருமாள்கோயில் பக்கம் போய்த் தங்கியது. அப்போதும் இதழை விடாமல் கொண்டுவந்தார்.

இனி, எனக்கு இந்த ஆய்வில் மிகவும் கடினமாக இருந்த பகுதி. 1928இல், கோதைநாயகி ஜகன்மோகினியை எடுத்து மூன்று ஆண்டுகள் கழித்து, விளம்பர ஏஜெண்டாக இருந்த எஸ்.எஸ். வாசன் தள்ளாடிக்கொண்டிருந்த ஆனந்த விகடனை வாங்கினார். பெயரின் எழுத்துக்கு 25 ரூபாய் வீதம் 200 ரூபாய் கொடுத்தார் என்று சொல்வார்கள். இருவரும் தொடங்கிய நிலை ஏறத்தாழ ஒன்றே: நொடித்துப்போன பத்திரிகை, குறைந்த முதல், தபாலை நம்பிய வியாபாரம். வாசன் எழுத்தாளர் கல்கியைக் கொண்டுவந்தார், ஓவியர்களைக் கொண்டுவந்தார், போட்டிகள் நடத்தினார். எழுதத் தெரிந்தவர்தான் அவரும். ஆனாலும் தம் பெயரைப் பின்னுக்குத் தள்ளி, விகடனின் பெயரை முன்னால் வைத்தார். கல்கி விலகித் தம் பெயரிலேயே 1941இல் பத்திரிகை தொடங்கியபோதும் விகடன் நின்றது. வாசன் மறைந்தபின்பும் நிற்கிறது.

ஜகன்மோகினியில் பிற பெண்களும் எழுதினார்கள். ஆயினும் வாசகர் காசு கொடுத்தது வை.மு.கோ.வின் தொடருக்கு. 1956இல் ஒரே மகன் சீனிவாசன் இறந்தார். அந்த அடியிலிருந்து அவர் மீளவில்லை. காசநோய் பிடித்து, 1960 பிப்ரவரி 20 அன்று தாம்பரம் சானடோரியத்தில் காலமானார். ஜகன்மோகினியும் அவரோடு முடிந்தது. கதையை எழுதுபவரும் அவரே, பத்திரிகையின் முகமும் அவரே, மேடையில் நின்று ஆள் சேர்ப்பவரும் அவரே என்றிருந்த ஏற்பாட்டில், அவர் விழுந்தபோது தாங்க வேறு தூண் இல்லை. 115 நாவல்களில் பெரும்பாலானவை மறுபதிப்பு இல்லாமல் கடைகளை விட்டு மறைந்தன. 1966இல் கே.எஸ். கோபாலகிருஷ்ணன் இயக்கி, பத்மினியும் ஜெமினி கணேசனும் எம்.ஆர். ராதாவும் நடித்த ‘சித்தி’ வெற்றி பெற்றது; அதன் கதை வை.மு.கோ.வுடையது. படத்தைக் கொண்டாடியவர்களில் எத்தனை பேர் நாவலைத் தேடியிருந்தாலும், வாங்கப் போக வேண்டிய விலாசம் அதற்குள் மூடியிருந்தது.

வாசன் வழி சரி, கோதைநாயகி வழி தவறு என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. 1925இல் ஒரு பெண் தம் பெயரைப் பத்திரிகையின் பின்னால் ஒளித்து வைத்திருந்தால், அவர் இருந்ததே தெரியாமல் போயிருக்கும்; பெண்கள் தம் பெயரை அட்டையில் போடுவதே ஒரு போராட்டமாக இருந்த காலம் அது. அவர் பெயரைப் பார்த்துப் பேனா எடுத்த பெண்கள் உண்டு. பாடகி டி.கே. பட்டம்மாள் இளம் வயதில் மேடையேறப் பக்கபலமாக நின்றவர்களில் அவரும் ஒருவர். இவையெல்லாம் பெயர் வெளியே தெரிந்ததால் நடந்தவை. ஆனால் இன்று தம் பெயரில் ஒரு சேனலோ, செய்திமடலோ, சிறு பதிப்பகமோ தொடங்குகிறவர்கள் இந்தக் கேள்வியைப் பத்தாம் ஆண்டுக்குத் தள்ளிவைக்காமல் முதல் ஆண்டிலேயே கேட்டுக்கொள்ளலாம்: நான் ஒரு மாதம் படுத்துவிட்டால் அடுத்த இதழை யார் கொண்டுவருவார்? கோதைநாயகிக்கு வேலூர் சிறைக் காலத்தில் அதற்குப் பதில் இருந்தது. 1956க்குப் பிறகு இல்லாமல் போயிற்று.